மணி அடிக்கும்வரை

ஏப்ரல் 24

இன்றோடு பள்ளிக்குக் கோடை விடுமுறை. சேர்க்கை நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் தாள், நல்ல எழுத்து. 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, வெள்ளைக்கரடு' என்று மேலே. கீழே 'ம. தனக்கொடி, தலைமையாசிரியை' என்று என் பெயர். நடுவில் சீருடை, புத்தகம், காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, முட்டை என்று எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறது. இதற்கு மேலும் இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏசுவடியான் சார் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். பள்ளியில் ஆசிரியர் என்று இருப்பது நானும் அவரும்தான்.

"டீச்சர், ஒரு நடை நாமளே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தா என்ன?"

"நான் என்ன ஓட்டுக் கேட்கவா நிக்கிறேன், சார்?"

நோட்டீஸைப் பிள்ளைகளிடம் பிரித்துக் கொடுத்து அவரவர் தெருவில் கொடுத்துவிடச் சொன்னேன். வேலை சட்டென்று முடிந்தது.

ஐந்தாம் வகுப்பு முடித்து எட்டுப் பேர் போகிறார்கள். மீதி பதினான்கு. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி இருபதுக்குக் கீழே இருந்தால் ஏசுவடியான் சார் உபரி ஆசிரியர் என்று வேறு ஊருக்குப் போக வேண்டும். அடுத்த வருடம் பள்ளியையே நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். லாரி போகிற சாலையைச் சின்னப் பிள்ளைகள் கடக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் இதைப் போனில் சொன்னார், ஏதோ மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

ஏப்ரல் 27

சாயந்தரம் மாவு அரைக்கப் போனபோது பார்த்தேன். என் ஓரகத்தி அமராவதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறாள். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, குங்குமச் சிமிழ். பக்கத்தில் என் கொழுந்தன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். கல்யாணத்துக்கு அழைக்கிறார்களாக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அமரா நர்சரி பள்ளிக்கு ஆள் பிடிக்கிறார்களாம். ஒவ்வொரு வாசலிலும் நின்று குங்குமம் கொடுத்து, "குடும்பத்தோட வந்து பிள்ளையைச் சேர்த்துட்டுப் போங்க" என்று அழைப்பு. வெட்கம் கெட்ட பிழைப்பு.

எதிரே வந்தாள். நான் மாவுத் தூக்கைப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் வானத்தைப் பார்த்தாள். பதினாலு வருடமாக இப்படித்தான்.

மே 3

வெயில். வத்தல் போட்டேன். காக்காய் பாதி, நான் பாதி.

மே 16

ரேஷன் கடையில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். இவளுடைய மூத்தவன் என்னிடம் படித்தவன், இப்போது பாலிடெக்னிக். இளையவளுக்கு ஐந்து வயது. நேராகவே கேட்டேன்.

"உன் மகளை எங்கே சேர்க்கப் போற?"

"அமராவதி அக்கா பள்ளிக்கொடத்துல சொல்லியாச்சு டீச்சர்."

"மூத்தவனைப் படிக்க வச்சு ஆளாக்கினது எந்தப் பள்ளிக்கூடம்?"

"கோவிச்சுக்கிடாதீக. நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுப்பீக, அதுல ஒரு குறையும் கிடையாது. ஆனா அவுக புருசன் பொண்டாட்டியா வாசலுக்கு வந்து முறையா அழைச்சாக. வெத்தலையைக் கையில வாங்குனப்புறம் எப்படி மாட்டேன்னு சொல்ல? நீங்க பக்கத்து வீட்டுப் பயகிட்ட காயிதத்தைக் குடுத்து விட்டீக. அவன் அதை ஜன்னல்ல சொருகிட்டு ஓடிட்டான்."

வெற்றிலைக்குப் பிள்ளையை விற்கிற ஊர். பாமாயிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 17

காலையிலிருந்து இவரோடும் பேசவில்லை. பேச்சியம்மாள் சொன்னதை நேற்றுச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

என்ன சிரிப்பு என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. பத்திரிகையை ஆள்கிட்ட குடுத்து விட்டாங்கன்னுதானே நீயும் அந்த வீட்டு வாசலை மிதிக்காம இருக்க" என்றார்.

அதுவும் இதுவும் ஒன்றா? அது சொந்தக் கொழுந்தன் மகள் சடங்கு. தேன்மலர் என்னிடம் அஞ்சு வருடம் படித்தவள், என் மடியில் கிடந்தவள். அவள் பெரியமனுஷி ஆனதற்குப் பெரியம்மாவை அழைக்கிற பத்திரிகையை என் வகுப்புப் பிள்ளை ஒன்று கொண்டுவந்து மேசையில் வைக்கிறது. அழைத்த அழகு அது. நான் போகவில்லை. அந்தப் பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த மயில்கழுத்து நிறப் பாவாடை தாவணிப் பட்டு இன்னும் பீரோவில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

மறு வருடமே அமராவதி நர்சரி ஆரம்பித்தாள். யாரை ஒழிக்க என்று ஊருக்கே தெரியும்.

ஜூன் 2

பள்ளி திறந்தது. வாசலில் வாழைத்தோரணம், பலூன். புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். வாங்கி வைத்த ரோஜாப்பூ மீந்துபோயிற்று. சத்துணவு ஆயா தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஒன்பதரைக்கு அமராவதியின் மஞ்சள் வேன் போயிற்று. அதன் பின்னால் தாலுகாவிலிருந்து வரும் பெரிய பள்ளியின் நீலப் பேருந்து. புதிதாக விட்டிருக்கிறார்கள். வேனைவிட அதில் கூட்டம். அமராவதியின் வயிற்றெரிச்சலை நினைத்ததும் கொஞ்சம் நன்றாக இருந்தது.

ஜூன் 11

ஒரு தாய்க்காரி கணக்குப் பாட நேரத்தில் வந்து கேட்டை ஆட்டுகிறாள். சுமித்ராவின் அம்மா. மில்லுக்கு ஷிஃப்டுக்குப் போக வேண்டுமாம், ஒரு நிமிஷம் பேச வேண்டுமாம். மணி அடிக்கும்வரை நிற்கச் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பினேன். வகுப்பு நேரத்தில் யாராக இருந்தாலும் நிற்கத்தான் வேண்டும். கலெக்டர் வந்தாலும் அதுதான். இந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை தடங்கலில்லாமல் வாசிக்கிறது என்றால் அது இப்படி இருப்பதால்தான்.

மணி அடித்துப் போய்ப் பார்த்தால் ஆளைக் காணோம்.

ஜூன் 13

சுமித்ராவை நீலப் பேருந்தில் பார்த்தேன். கடைசி சீட்டிலிருந்து எனக்குக் கை காட்டினாள். அவள் அம்மாவுக்கு இருக்கிற திமிர் அவளுக்கு இல்லை. ஆக, பதினைந்து.

ஜூன் 20

திறன் பார்க்க அலுவலர் வந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னார், கழித்தல் போடச் சொன்னார். ஒரு குறையும் சிக்கவில்லை. நாலாம் வகுப்பு மாடசாமி அவர் பையிலிருந்த செய்தித்தாளை வாங்கித் தலையங்கத்தை வாசித்துவிட்டு, "இதுல ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியல சார், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். அவருக்கும் தெரியவில்லை.

"இந்த வட்டாரத்துலயே இப்படி ஒரு பள்ளி கிடையாதும்மா" என்றார். பிறகு காலி பெஞ்சுகளைப் பார்த்தார். "ஆனா எண்ணிக்கைன்னு ஒண்ணு இருக்கே."

அவருக்கு டீ கொடுத்ததே அதிகம்.

ஏசுவடியான் சார் மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரத்துக்கு டயாலிசிஸ், வாரம் இரண்டு தடவை இங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம். ஊர் மாற்றினால் என்ன செய்வார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் தூக்கிலிருந்த தயிர்சாதத்தில் பாதியை அவர் பக்கம் தள்ளிவைத்தேன். வீணாகப் போகுமே என்றுதான்.

ஜூன் 27

இவர் டீக்கடையில் தம்பியோடு பேசுகிறார் என்பது எனக்குத் தெரியாது என்று இவர் நினைக்கிறார். அங்கே கிடைத்த செய்தி: அமரா நர்சரியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் நின்றுவிட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. இந்த வருடம் முதல் யூகேஜி வரைக்கும்தான் நடத்துவது என்று அமராவதி முடிவு செய்துவிட்டாள். ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அடுத்த மாதத்துக்குள் எங்கேயாவது போக வேண்டும்.

ஒன்பது பிள்ளைகள். பேச்சியம்மாள் மகள் உட்பட. தேன்மலருடைய மகள் இனியாவும் அதில் ஒன்று.

நீலப் பேருந்துக்காரன் நேற்றே இனிப்பு டப்பாவோடு வந்துவிட்டுப் போனானாம். பெற்றவர்கள் எல்லோரும் அமராவதி தன் பேத்தியை எங்கே அனுப்புகிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"எங்க அனுப்பினா எனக்கென்ன" என்றேன்.

"ஏசுவடியான் சாருக்கு என்னன்னு கேட்டுப் பாரு" என்றார் இவர்.

ஜூலை 4

மாரியம்மன் கோவிலில் தேன்மலர். விளக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால் எதிரே நிற்கிறாள். புருஷன் மஸ்கட்டில், இவள் அம்மா வீட்டோடு இருக்கிறாள். விரலைப் பிடித்துக்கொண்டு இனியா. மூக்கு அப்படியே எங்கள் குடும்பத்து மூக்கு.

"பெரியம்மா" என்றாள். ஒதுங்கிப் போக இடமில்லை. பிரகாரம் குறுகல்.

"என்ன?"

"இவளை உங்ககிட்டப் படிக்க வைக்கணும்னு எனக்கு ஆசை. நான் வாசிக்கப் படிச்சது உங்ககிட்டதானே. கொட்டு வாங்கித்தான் படிச்சேன், ஆனா படிச்சேன்."

"கொண்டாந்து சேரு. யாரு வேண்டாங்கா?"

"அம்மா ஒரு வார்த்தை சொன்னா அத்தனை பிள்ளைகளும் வந்துரும். நீங்க வந்து அம்மாவை முறையா அழைக்கணும், பெரியம்மா. நானா அனுப்பினா அது வேற மாதிரி ஆயிரும்."

"உங்க வீட்டு வாசப்படியை மிதிக்கிறதில்லன்னு நான் சொன்ன வார்த்தை இருக்கு."

அந்தக் குட்டி என்னை அண்ணாந்து பார்த்து, "இதுதான் கொட்டு வைக்கிற பெரியாச்சியா?" என்று கேட்டது.

வாய்த்துடுக்கு. அதுவும் எங்கள் குடும்பத்துடையதுதான்.

ஜூலை 6

சண்டை. இத்தனை வருடத்தில் இவர் இப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"பத்திரிகையைக் குடுத்து விட்டா, குடுத்து விட்டான்னு பதினாலு வருசமா சொல்றியே, அவ குடுத்தா விட்டா? தாம்பாளத்தோட, என் தம்பியையும் கூட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துக்கே வந்தா. முதல் அழைப்பு பெரியக்காவுக்குத்தான்னு வந்தா. நீ என்ன செஞ்ச?"

நான் என்ன செய்தேன்? வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மணி அடிக்கும்வரை நிற்கச் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பினேன். யாருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் நிற்க முடியாதா? பத்திரிகையை அந்தப் பிள்ளை கையிலேயே திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

"சித்திரை வெயில்ல, ஊரு பார்க்க, மங்கலப் பொருளைக் கையில வச்சுக்கிட்டு ரோட்டுல நின்னா" என்றார்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். இதைச் சொன்னேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ரசம் ஆறிப்போயிற்று.

ஜூலை 7

ஏசுவடியான் சார் லீவு. ஆஸ்பத்திரி. ஐந்து வகுப்பையும் நானே பார்த்தேன்.

ஜூலை 9

பீரோவை ஒழித்தேன். எலி கடிக்கும் முன் உபயோகமாகட்டும் என்று ஒரு சாமானை டெய்லரிடம் கொடுத்தேன். மடித்த இடத்தில் ஜரிகை கறுத்துப் போயிருந்தது. அதை உள்ளே விட்டுத் தைத்துவிடலாம் என்றான். அளவு கேட்டான். ஐந்து வயதுக்கு என்றேன்.

ஜூலை 12

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நர்சரி அவள் வீடு இல்லையே. தலைமையாசிரியை இன்னொரு பள்ளிக்குப் போவது அலுவல் சம்பந்தப்பட்டது. வார்த்தையும் கெடாது.

இவரிடம் வெற்றிலை வாங்கி வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் கவுளி கவுளியாக வாங்கி வந்திருக்கிறார். ஊரையே அழைக்கலாம்.

ஜூலை 14

அரை நாள் தற்செயல் விடுப்பு எழுதி வைத்துவிட்டு, பதினோரு மணிக்கு இவரும் நானும் அமரா நர்சரிக்குப் போனோம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், பூ, குங்குமம். கடையில் பொதிந்து கொடுத்த சின்னப் பொட்டலம் ஒன்றும் ஓரத்தில்.

கேட் பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து ஆயா ஒருத்தி வந்தாள். எங்களைப் பார்த்ததும் திரும்பி ஓடினாள். அப்புறம் மெதுவாக வந்தாள்.

"மேடம் வகுப்புல இருக்காக. மணி அடிக்கிற வரைக்கும் வெளியவே நிக்கணுமாம்" என்றாள். கொஞ்சம் விட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரா இருந்தாலும்" என்றாள்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். போய்விடலாமா என்று கேட்கத்தான் வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். நான் அசையவில்லை.

நல்ல வெயில். ஆடி வரப்போகிறது என்று பேர், காற்றையே காணோம். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மில்லுக்குப் போகிற பெண்கள் நடையைக் குறைத்துக்கொண்டு போனார்கள். அதில் சுமித்ராவின் அம்மாவும் இருந்தாள். அவள் நின்றேவிட்டாள். ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள். எதிர் மர நிழலுக்குப் போகலாம் என்றார் இவர். தாம்பாளத்தோடு வந்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தால் அது அழைப்பா? வெற்றிலை வாடிக்கொண்டு வந்தது. தாம்பாளம் இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. இவர் குடையை விரித்து என் தலைக்கு மட்டும் பிடித்தார்.

ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். எங்கள் பள்ளியிலும் அதேதான். அது இவ்வளவு நீளம் என்று உள்ளே இருக்கும்போது தெரிவதில்லை.

மணி அடித்தது. அமராவதி வந்தாள். பட்டுச்சேலை இல்லை, சாதாரண நூல்சேலை. தலையெல்லாம் நரைத்துவிட்டது. பதினாலு வருடமாக வானத்தையும் மாவுத் தூக்கையும் பார்த்ததில் அதை நான் கவனிக்கவில்லை.

"எதுக்கு இம்புட்டுச் சிரமம்? பிள்ளைக யார்கிட்டயாவது குடுத்து விட்டுருக்கலாமே" என்றாள்.

"குடுத்து விட்டதை வாங்குனவ நான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"வெயில்ல நின்னவ நான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும்."

தாம்பாளத்தை நீட்டினேன். "உன் பேத்தியையும் மத்த பிள்ளைகளையும் அழைக்க வந்திருக்கோம். குடும்பத்தோட வந்து சேர்த்துட்டுப் போங்க" என்றேன்.

அவள் வாங்கவில்லை. "பிள்ளைகளைக் கொட்டக் கூடாது."

"கொட்டுறதை எப்பவோ நிப்பாட்டியாச்சு. இப்ப அரசாங்கமே விடாது."

"பெத்தவகளை வெளிய நிறுத்தக் கூடாது."

"பாடம் நடக்கும்போது..."

"நிறுத்தக் கூடாது."

சரி என்று நான் சொல்லவில்லை. இவர்தான் "சரிம்மா, சரிம்மா" என்று அவசரமாகச் சொன்னார். அமராவதி இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினாள். ஓரத்திலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உள்ள வந்து மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள், யாருக்கோ சொல்கிற மாதிரி. இவர் குடித்தார். நானும் குடித்தேன். உப்பு அதிகம். அவளுக்கு எப்போதுமே உப்புக் கை.

ஜூலை 15

கால் வலி. நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டேன். மீந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு இவரோடு தெற்குத் தெரு மட்டும் போய் வந்தேன். மூன்று வீடு. மீதி நாளை. சுமித்ரா வீட்டுக்கும்தான் போனேன். ஓட்டுக் கேட்க இல்லை.

ஜூலை 18

வெள்ளிக்கிழமை, நல்ல நேரம். தெரு முனையில் மேளச்சத்தம் கேட்டு ஏசுவடியான் சார் வெளியே ஓடினார். சாவுக்குத்தானோ என்று நினைத்தேன். அமராவதி. முன்னால் மேளம், பின்னால் பெற்றவர்கள் எல்லோரும். தலையில் தாம்பாளங்கள், பாய், ஒரு மின்விசிறி, நோட்டுப் புத்தகக் கட்டு, ஒரு சுவர்க் கடிகாரம். பெண்ணைப் புகுந்த வீட்டில் கொண்டுவந்து விடுகிற மாதிரிச் சீரோடு வந்திருக்கிறாள். என்னைவிடப் பெரிதாகச் செய்து காட்ட வேண்டுமே, அதுதான்.

ஒன்பது பிள்ளைகளும் சேர்ந்தாயிற்று. சுமித்ராவும் வந்துவிட்டாள். அவள் அம்மா என்னிடம் பேசவில்லை. அமராவதியிடம் பேசினாள். போகட்டும்.

இனியா மயில்கழுத்து நிறப் பட்டுப் பாவாடையில் வந்தது. நல்ல அளவு. தேன்மலர் அந்தப் பாவாடையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பள்ளி வளாகத்தில் இதெல்லாம் என்ன பழக்கம் என்று கேட்டேன். அவள் விடவில்லை. என் கண்ணிலும் தூசி.

கடிகாரத்தை வகுப்பில் மாட்டச் சொன்னேன். ஐந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. அவள் வாங்கினது அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 1

இருபத்தைந்து. அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். ஏசுவடியான் சார் டிபன் பாக்ஸைத் திறந்து முழுசாகச் சாப்பிட்டார். என் தயிர்சாதத்திலும் பாதி சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 5

பத்தே முக்கால். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல், கடன் வாங்கிக் கழிக்கிற முக்கியமான இடம். கேட்டருகே ஆள். பார்த்தால் அமராவதி, கையில் ஒரு தூக்கு.

ஒரு பிள்ளையை அனுப்ப வாயெடுத்தேன். பிறகு வகுப்பை ஏசுவடியான் சாரைப் பார்க்கச் சொல்லிவிட்டு நானே எழுந்து போனேன். அவருக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

"என்ன?" என்றேன்.

"பிள்ளை காலையில சரியாச் சாப்பிடல. ரெண்டு இட்லி."

"இங்கயே காலையில பொங்கல் போடுறோம். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டா."

"தெரியும்" என்றாள். போகவில்லை. தூக்கு பெரியது. இரண்டு இட்லிக்கு அவ்வளவு பெரிய தூக்கு தேவையில்லை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

கேட்டைத் திறந்து உள்ளே வரச் சொன்னேன். ரோட்டில் நின்று மயங்கி விழுந்து வைத்தால் அதற்கும் நான்தான் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்.